டிரினிடாட் போகலாமா? பயண எச்சரிக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்க்க, பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்கு, படிக்கப் போன பிள்ளையைப் பார்க்க என்று டிரினிடாட் டொபேகோவுக்குக் கிளம்புகிறவர்கள் கூகுளில் தேடியதும் கண்ணில் படுவது அமெரிக்க அரசின் ‘லெவல் 3’ என்ற ஆரஞ்சு நிற எச்சரிக்கை. அடுத்த அரை மணியில் எனக்கு போன் வரும். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எச்சரிக்கைகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் அந்தந்த அரசின் பக்கத்தில் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்துவிடுங்கள்.

டிரினிடாட்னா வெஸ்ட் இண்டீஸ்தானே? அது ஒரே நாடா, பல நாடா?

வெஸ்ட் இண்டீஸ் என்ற கிரிக்கெட் அணிக்குள் பல தனி நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விசா, தனி போலீஸ், தனி எச்சரிக்கை. டிரினிடாட், டொபேகோ என்ற இரண்டு தீவுகளும் சேர்ந்தது ஒரு நாடு. 1962இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின், மக்கள்தொகை சுமார் 14 லட்சம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் மெலிசா புயல் ஜமைக்காவைப் புரட்டிப் போட்டபோது, டிரினிடாட் டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே 1,500 கிலோமீட்டருக்கு மேல் கடல். ‘கரீபியனில் ஆபத்து’ என்று செய்தி வந்தால் எந்தத் தீவு என்று முதலில் பாருங்கள்.

பயண எச்சரிக்கைன்னா என்ன? அதை மீறிப் போனால் சட்டப்படி தப்பா?

தப்பில்லை. ஒரு நாட்டுக்குப் போகும் தன் குடிமக்களுக்கு அவர்களுடைய அரசு தரும் அறிவுரைதான் அது. அதில் குற்றம், நோய், இயற்கைப் பேரிடர், உள்ளூர்ச் சட்டம், விசா எல்லாம் கலந்து இருக்கும். யாரும் உங்களை விமானத்திலிருந்து இறக்கிவிட மாட்டார்கள். ஆனால் இன்ஷூரன்ஸும் கம்பெனி விதிகளும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்கா நான்கு படிகள் வைத்திருக்கிறது. 1 வழக்கமான கவனம், 2 கூடுதல் கவனம், 3 போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள், 4 போகாதீர்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி நான்கு படிகள், வார்த்தைகள் மட்டும் வேறு. பிரிட்டன் எண் போடுவதில்லை. ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ ‘போகவே வேண்டாம்’ அல்லது ‘அவசியம் இருந்தால் மட்டும்’ என்று சொல்லும். இல்லாவிட்டால் விவரத்தை மட்டும் எழுதிவிட்டு முடிவை உங்களிடம் விட்டுவிடும்.

நம்ம இந்திய அரசு என்ன சொல்லுது? அமெரிக்காக்காரன் சொல்றதை நான் ஏன் பார்க்கணும்?

நம் வெளியுறவு அமைச்சகம் உலக நாடுகளுக்கெல்லாம் லெவல் போட்டுப் பட்டியல் வைப்பதில்லை. போர், கலவரம், பெரிய நெருக்கடி என்றால் அந்த நாட்டுக்கென்று தனி அறிவிப்பு வரும். மற்ற நேரங்களில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள இந்தியத் தூதரகத்தின் பக்கம்தான் உங்களுக்கு ஆதாரம். அதனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா பக்கங்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். எந்தத் தெரு, எந்த நேரம் என்று அவர்கள்தான் விவரமாக எழுதுகிறார்கள்.

ஆனால் ஒன்று. அவை அவர்களுடைய குடிமக்களுக்காக எழுதியவை. குற்றம் பற்றிச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தும். விசா, தடுப்பூசி, திரும்பி வரும்போது என்ன ஆகும் என்பதெல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது. என்னிடம் வந்த சிக்கல்களில் நிஜமாகவே பயணத்தைக் கெடுத்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். திருடனுக்குப் பயந்து ஆயிரம் கேள்வி கேட்டவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஆட்கள் அவரவர் அரசின் பக்கத்தைப் பாருங்கள்.

லெவல் 3ன்னு போட்டிருக்கான். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாமா?

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். அமெரிக்கா ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணத்தைக் குறிப்பிடும். டிரினிடாட்டுக்கு முதன்மையான காரணம் குற்றம். பயங்கரவாதம், ஆள்கடத்தல் என்பவையும் பட்டியலில் வரும். இந்தியாவையே அமெரிக்கா லெவல் 2இல் வைத்திருக்கிறது என்று சொன்னால் நிறையப் பேர் கொஞ்சம் அமைதியாகிவிடுகிறார்கள். டிரினிடாட்டைக் கனடாவும் ஆஸ்திரேலியாவும் பல வருடங்களாக இரண்டாம் படியிலேயே வைத்திருந்தன.

அதற்காக இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்றும் நினைக்க வேண்டாம். 2024இல் அந்தச் சின்ன நாட்டில் 600க்கும் மேல் கொலைகள். லட்சம் பேருக்கு 40ஐத் தாண்டும் விகிதம் அது, உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. 2025இல் நன்றாகக் குறைந்தது. பெரும்பாலானவை கும்பல்களுக்குள் நடப்பவை, குறிப்பிட்ட சில பகுதிகளில் நடப்பவை. வெளியூரிலிருந்து போகிறவருக்கு நேர வாய்ப்புள்ளவை வழிப்பறி, காரை உடைத்துத் திருடுவது, தங்குமிடத்தில் புகுவது. ஆனால் அங்கே வழிப்பறி செய்பவன் கையில் துப்பாக்கி இருக்கலாம். எதிர்த்துப் போராடாதீர்கள், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

என் கருத்து: ஒழுங்கான தங்குமிடம், ஏற்பாடு செய்த வண்டி, அங்கே தெரிந்த ஒருவர், இந்த மூன்றும் இருந்தால் போகலாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற பயணத்துக்கு இது ஏற்ற இடமில்லை.

எந்தெந்த ஏரியாவுக்குப் போகக் கூடாது?

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் லாவன்டில், பீதம், சீ லாட்ஸ், கொகொரீட். இவற்றுக்குப் போகக் கூடாது என்று அமெரிக்கா தன் தூதரக ஊழியர்களுக்கே தடை போட்டிருக்கிறது. மார்வன்ட் பகுதியையும் தவிருங்கள். இருட்டிய பிறகு தலைநகரின் மையப் பகுதி, ஃபோர்ட் ஜார்ஜ் மலைமுகடு, எல்லாக் கடற்கரைகளும் தடைப்பட்டியலில் சேர்ந்துவிடும். எச்சரிக்கைப் பக்கங்களில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். சுற்றுலாப் பயணிக்குச் சொல்வது பொதுவான அறிவுரை. சொந்த ஊழியருக்குப் போடும் தடையில் ஊர் பேர் இருக்கும், நேரம் இருக்கும்.

குயின்ஸ் பார்க் சவான்னாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரின் நடுவில் இருக்கும் மிகப் பெரிய புல்வெளி மைதானம். மாலையானால் அதைச் சுற்றியுள்ள நடைபாதையில் ஆட்கள் ஓடுவார்கள், ஓரத்தில் இளநீர் வண்டிகளும் சாப்பாட்டுக் கடைகளும் விளக்குப் போட்டு நிற்கும். குடும்பம் குடும்பமாக நின்று சாப்பிடுவார்கள். அந்த ஓரத்தில் நிற்பது வேறு, குறுக்கே நடந்தால் ஓட்டல் சீக்கிரம் வந்துவிடும் என்று இருட்டில் உள்ளே இறங்குவது வேறு. அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்குள்ள தடை உள்பகுதிக்குத்தான். மேப்பில் வரும் குறுக்கு வழியை நம்பாமல் சுற்றிக்கொண்டு போங்கள், அல்லது வண்டி வையுங்கள்.

ராத்திரி ஃப்ளைட்ல இறங்கறேன். ஏர்போர்ட்லேர்ந்து எப்படிப் போறது?

பியார்கோ விமான நிலையம் தலைநகருக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வண்டிகளைப் பின்தொடர்ந்து போய், வீட்டு வாசலிலோ ஆள் இல்லாத இடத்திலோ மடக்கிக் கொள்ளையடித்த சம்பவங்கள் நடந்திருப்பதாகப் பிரிட்டன் எச்சரிக்கிறது. நகருக்குள் நுழையும் நெடுஞ்சாலையும் மேலே சொன்ன பீதம் பகுதியை ஒட்டித்தான் போகிறது.

முடிந்தால் பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இல்லையென்றால் ஓட்டலிடமோ கம்பெனியிடமோ சொல்லி வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் வாங்கி வையுங்கள். வருகை வாசலில் நின்று கட்டுக்கட்டாகப் பணம் மாற்றி எண்ணாதீர்கள். வண்டி ஏறியதும் கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, பையைக் காலடியில் வையுங்கள். பின்னால் ஏதாவது வண்டி ஒட்டிக்கொண்டே வருவதாகத் தோன்றினால் வீட்டுக்குப் போகாமல் போலீஸ் நிலையத்துக்கோ வெளிச்சமும் ஆட்களும் உள்ள பெட்ரோல் பங்க்குக்கோ ஓட்டச் சொல்லுங்கள்.

உள்ளூர்ல டாக்ஸி, ஷேர் வண்டி எல்லாம் ஏறலாமா?

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். ‘எச்’ எழுத்தில் தொடங்கினால் பதிவு பெற்ற வாடகை வண்டி. ‘பி’ என்றால் சொந்த உபயோக வண்டி, ‘ஆர்’ என்றால் நீங்களே ஓட்ட வாடகைக்கு எடுப்பது. சொந்தக் காரைச் சட்டவிரோதமாக டாக்ஸியாக ஓட்டுகிறவர்கள் அங்கே நிறைய. ‘பிஎச்’ கார் என்பார்கள். உள்ளூர்க்காரர்களே ஏறுவார்கள், ஏனென்றால் வேறு வண்டி கிடைக்காது. நீங்கள் ஏறாதீர்கள்.

மேக்ஸி டாக்ஸி என்பது நம் ஷேர் வேன் மாதிரி. உடம்பில் ஓடும் பட்டையின் நிறம் வழித்தடத்தைச் சொல்லும். தலைநகரும் மேற்கும் மஞ்சள், கிழக்கு சிவப்பு, தெற்கே போவது பச்சை, டொபேகோவில் நீலம். பகலில் பரவாயில்லை, இரவில் வேண்டாம்.

வாகனங்கள் நம்மூர் மாதிரியே இடப்பக்கம்தான் போகும். அதனாலேயே காரை எடுக்க ஆசை வரும். எடுத்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையில் வையுங்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது சீட்டில் ஒரு துணிப்பைகூட இருக்கக் கூடாது.

அங்கே எமர்ஜென்சி போட்டிருக்காங்களாமே? வெளியவே வர முடியாதா?

2024 டிசம்பர் 30 அன்று அவசர நிலை அறிவித்தார்கள். அது 2025 ஏப்ரல் வரை நீடித்தது. பிறகு 2025 ஜூலையில் மறுபடி. இரண்டுமே கும்பல் வன்முறையை அடக்கத்தான். போலீஸும் ராணுவமும் வாரண்ட் இல்லாமல் சோதனை போடலாம், பிடித்து வைக்கலாம். கடைகள் திறந்திருந்தன, விமானங்கள் ஓடின, ஊரடங்கு கிடையாது. ஆனால் 2011இல் போட்டபோது இரவு ஊரடங்கும் இருந்தது. ஆக ‘எமர்ஜென்சி’ என்று தலைப்பில் பார்த்தால் ஊரடங்கு உண்டா, எந்த நேரம், எந்தப் பகுதி என்று கேளுங்கள்.

அப்படி அமலில் இருக்கும்போது போனால் பாஸ்போர்ட் நகலும் தங்குமிட முகவரியும் எப்போதும் பையில் இருக்கட்டும். சாலையில் நிறுத்தினால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். சீருடைக்காரர்களைப் படம் பிடிக்க வேண்டாம்.

டொபேகோ மட்டும் போனா பயமில்லையாமே?

ஓரளவு உண்மை. டொபேகோ சின்னத் தீவு, கடற்கரையும் பவளப்பாறையும் சுற்றுலாவும்தான் அங்கே பிழைப்பு. குற்றங்கள் டிரினிடாட் அளவுக்கு இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தனியாக ஒதுங்கி நிற்கும் வில்லாக்களில் புகுந்து கொள்ளையடிப்பது பல வருடங்களாகத் தொடர்கிறது. விளம்பரப் படத்தில் ஆளே இல்லாத கடற்கரை, பக்கத்து வீடு கண்ணில் படாத மலைமேல் பங்களா என்றிருந்தால் அழகாகத்தான் இருக்கும். முதலில் காவலாளி உண்டா, ஜன்னலுக்குக் கம்பி உண்டா என்று கேளுங்கள்.

இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பியார்கோவில் இறங்கித்தான் டொபேகோ விமானத்தையோ ஸ்கார்பரோ போகும் கப்பலையோ பிடிப்பார்கள். அதனால் விமான நிலையம் பற்றிச் சொன்னது உங்களுக்கும்தான். கீழே வரும் ஊசியும் அப்படியே.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? டிரினிடாட்காரங்க கேக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் டிரினிடாட் அந்தச் சான்றிதழைக் கேட்காது, ஏனென்றால் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. கேட்கப்போவது இந்தியா, நீங்கள் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது, டொபேகோ இல்லை. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் சென்னையில் இறங்கினால் ஆறு நாள் வரை உங்களைத் தனிமைப்படுத்தி வைக்கலாம். அமெரிக்கப் பக்கத்திலோ பிரிட்டன் பக்கத்திலோ இதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கு அது தேவையில்லை.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். நாளைக் கிளம்புகிறேன், இன்று போட்டுக்கொள்கிறேன் என்பது நடக்காது. எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார நிறுவனத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான், முன்பதிவும் தேவைப்படலாம், அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். மஞ்சள் நிறக் கையடக்கப் புத்தகம் தருவார்கள். அதில் பாஸ்போர்ட் எண் சரியாக எழுதியிருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றியது. பழைய புத்தகத்தில் பத்து வருடம் என்று இருந்தாலும் கவலை வேண்டாம்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. பேரனைப் பார்க்க அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் இதை ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அப்புறம், பனாமா வழியாக டிக்கெட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பனாமாவும் அதே பட்டியலில் இருக்கிறது.

விசா வேண்டாம்னாங்க. அப்புறம் ஏன் செக்-இன்லயே ஒருத்தரை நிறுத்தினாங்க?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவாக 90 நாள் வரை விசா இல்லாமல் டிரினிடாட் அனுமதிக்கிறது. திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொல்வார்கள். கிளம்பும் முன் தூதரகத்தில் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், விதிகள் மாறக்கூடியவை.

சிக்கல் வழியில்தான். இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விமானம் மாறினால்கூட அமெரிக்க விசா வேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கனடாவுக்கும் டிரான்சிட் விசா தேவைப்படும். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டிய டிக்கெட் என்றால் பிரிட்டனுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று பணத்தைக் கட்டும் முன் எந்த ஊரில் இறங்கி ஏறுகிறீர்கள் என்று பாருங்கள்.

தாலிச் செயின் போட்டுட்டுப் போகலாமா?

கழற்ற மனம் வராது, புரிகிறது. ஆனால் வெளியே தெரியும்படி தங்கம் போடாதீர்கள் என்பது எல்லா அரசுகளும் சொல்லும் அறிவுரை. அங்கேயும் தங்கத்தின் மதிப்பு எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல வழி. செயினேதான் வேண்டும் என்றால் மூடிய கழுத்துச் சட்டைக்குள் இருக்கட்டும். வளையல், நெக்லஸ், ஐபோனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடப்பது எல்லாம் ஊரிலேயே விட்டுவிட வேண்டியவை.

நம்ம ஆளுங்கதானே அங்கே நிறைய? நம்மளைத் தொட மாட்டாங்கல்ல?

மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்திய வம்சாவளி. 1845 மே 30 அன்று ஃபாத்தல் ரசாக் என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. பெரும்பாலானோர் கல்கத்தா வழியாக வந்த பீகார், உத்தரப் பிரதேசக்காரர்கள். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அவர்களின் வாரிசுகளை ‘மதராசி’ என்பார்கள். காளி வழிபாடு இன்றும் அவர்களிடம் உண்டு, தமிழ் பேச்சு போய்விட்டது.

அன்பாகப் பழகுவார்கள், சாப்பிடாமல் விட மாட்டார்கள். ஆனால் பாதுகாப்புக்கும் முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. வழிப்பறிக்காரன் பார்ப்பது பையையும் கழுத்தையும் நீங்கள் வழி தெரியாமல் விழிப்பதையும்தான். வசதியானவர்கள் என்று பேரெடுத்த இந்திய வம்சாவளி வியாபாரிகள் கடத்தலுக்கும் கொள்ளைக்கும் இலக்காவதும் அங்கே பழைய கதை.

கார்னிவலுக்குப் போனா கூட்டத்தில் பாதுகாப்பா இருக்குமா?

சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய்தான் கார்னிவல். திங்கள் விடியுமுன்னே ‘ஜூவே’ என்ற சேறு பூசும் ஆட்டம் தொடங்கிவிடும். போலீஸ் காவல் அந்த நாட்களில் அதிகம், பிக்பாக்கெட்டும் அதிகம். பதிவு செய்த ஒரு குழுவோடு, அவர்களுடைய காவலர்கள் போட்ட கயிற்றுக்குள்ளேயே ஆடினால் பெரிய கவலை இல்லை. பிரச்சினை ஆட்டம் முடிந்த பிறகுதான். களைத்துப் போய், குடித்தும் இருந்து, நடந்தே ஓட்டலுக்குப் போய்விடலாம் என்று கிளம்புவார்கள். திரும்பும் வண்டியை முதலிலேயே பேசி வையுங்கள். யாரிடமும் திறந்த கிளாஸ் வாங்கிக் குடிக்காதீர்கள்.

தெரியாமப் பண்ணி மாட்டிக்கிற சட்டம் ஏதாவது இருக்கா?

முதலாவது, ராணுவச் சீருடை மாதிரிப் புள்ளி டிசைன் (கேமஃப்ளாஜ்) போட்ட உடை. பேன்ட், தொப்பி, பை, குழந்தைச் சட்டை எதுவானாலும் பொதுமக்கள் அணிவது அங்கே குற்றம். நம் ஊர்ப் பையன்களிடம் ஆளுக்கொரு கார்கோ பேன்ட் அந்த டிசைனில் இருக்கும். பெட்டி கட்டும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

கஞ்சா விஷயத்தில் அரைகுறைத் தகவல் நிறையச் சுற்றுகிறது. 2019 டிசம்பரிலிருந்து 30 கிராம் வரை வைத்திருப்பது குற்றமில்லை. பொது இடத்தில் புகைப்பதும் விற்பதும் குற்றம்தான். விமான நிலையத்தில் பிடிபட்டால் கடத்தல் கணக்கு. யார் கொடுத்த பார்சலையும் வாங்கிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் பழைய சட்டத்தை 2018இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. 2018 செய்தியைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பீச்ல என்ன பயம்?

மராக்காஸ் கடற்கரைக்குப் பகலில், கூட்டம் உள்ள நாளில் போங்கள். ரொட்டிக்குள் சுறா மீன் வைத்துத் தரும் கடைகள் வரிசையாக இருக்கும். அலை அங்கே இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் காலை மட்டும் நனையுங்கள், உயிர்காப்பாளர் கிளம்பிய பிறகு அதுவும் வேண்டாம். போகும் மலைப்பாதையில் காட்சி பார்க்க நிறுத்தும் இடங்களிலும், லாஸ் கியூவாஸ் கடற்கரையிலும், தெற்கே பிட்ச் லேக் என்ற தார் ஏரியிலும் வழிப்பறி நடந்திருக்கிறது. கூட்டமாகவோ, தெரிந்த வழிகாட்டியோடோ போங்கள்.

புயல், நிலநடுக்கம்?

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் முடிய. டிரினிடாட் தெற்கே ஒதுங்கியிருப்பதால் பெரும்பாலான புயல்கள் வடக்கே போய்விடும். டொபேகோவுக்கு அந்த அதிர்ஷ்டம் எப்போதும் இல்லை, 1963இல் ஃப்ளோரா அதை நாசமாக்கியது. டிரினிடாட்டில் மழைக்காலத் தொல்லை வெள்ளமும் மண்சரிவும்தான். நிலநடுக்கம் உண்டு. 2018 ஆகஸ்டில் வெனிசுலா கரையோரம் 7.3 அளவில் வந்தது தீவு முழுக்க உணரப்பட்டது.

வெனிசுலாப் பிரச்சினை அங்கேயும் வருமா?

மிக நெருங்கிய இடத்தில் இரண்டுக்கும் நடுவே 11 கிலோமீட்டர் கடல்தான். 2025 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா அந்தக் கடலில் போதைப்பொருள் படகுகள் என்று சொல்லித் தாக்கத் தொடங்கியது. அக்டோபரில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினிலேயே வந்து நின்றது. 2026 ஜனவரி 3 அன்று வெனிசுலாவில் தாக்குதல் நடந்தபோது கரீபியன் பகுதியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின.

ஊருக்குள் இருக்கும் பயணிக்கு இதனால் வரும் தொல்லை பெரும்பாலும் விமானம் தள்ளிப்போவதுதான். இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகப் பணமும் மாத்திரையும் கையில் இருக்கட்டும். மீன்பிடிக்க, படகில் சுற்ற என்று தனியார் படகில் மேற்கு, தெற்குக் கரையை விட்டு வெகுதூரம் போகாதீர்கள். கடற்கொள்ளை அங்கே முன்பிருந்தே உண்டு.

ஏதாவது ஆயிட்டா யாருக்குப் போன் பண்றது?

போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 811, தீயணைப்பு 990. இதை எழுதிப் பர்ஸில் வையுங்கள், போன்தான் முதலில் பறிபோகும். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அவசரச் சான்றிதழ் தருவார்கள். அவர்கள் செய்ய முடியாதவை: உங்கள் ஆஸ்பத்திரி பில் கட்டுவது, வழக்கிலிருந்து விடுவிப்பது. ஊரில் உள்ளவர்கள் நம் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் குறை பதியலாம். அங்கே நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை பத்து மணிக்குப் பையன் போனை எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணிதான் ஆகியிருக்கும்.

இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கேன். லெவல் 3 நாட்டுக்குப் பணம் தருவாங்களா?

பாலிசியைத்தான் கேட்க வேண்டும். ‘அரசு எச்சரிக்கைக்கு எதிராகப் பயணம்’ என்று ஒரு விலக்கு வரி பல பாலிசிகளில் இருக்கும். எந்த அரசு, எந்த அளவு எச்சரிக்கை என்பதில்தான் சண்டை வரும். பிரிட்டனில் எடுத்த பாலிசி பெரும்பாலும் அந்த அரசு ‘போகாதீர்கள்’ என்று சொன்னால்தான் செல்லாமல் போகும். இந்தியாவில் எடுத்ததற்குக் கம்பெனியிடம் நாட்டின் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் “அதெல்லாம் வரும் சார்” என்று சொன்னது கிளெய்ம் சமயத்தில் எடுபடாது. நோயாளியை விமானத்தில் வேறு நாட்டுக்கு மாற்றும் செலவு பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்கலான சிகிச்சைக்கு மயாமி வரை கொண்டுபோக நேரலாம்.

அங்கே இருக்கற என் ஃப்ரெண்ட் ஒண்ணும் பயமில்லைங்கறான், அரசாங்கம் பயமுறுத்துது. யாரை நம்பறது?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நண்பர் வருடக்கணக்காக அதே வழியில் வேலைக்குப் போகிறார். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மேல் திரும்பக் கூடாது என்பது அவருக்குப் பழக்கத்திலேயே வந்துவிட்டது, சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. அரசுக்கு உங்களைத் தெரியாது. மிகவும் அஜாக்கிரதையான ஆளை மனதில் வைத்து எழுதும்.

அதனால் நண்பரிடம் “பயமா?” என்று கேட்காதீர்கள். அவர் வீட்டுக் கதவை எப்போது பூட்டுகிறார், இரவு எட்டு மணிக்கு மேல் பணம் எடுக்க எந்த ஏடிஎம்முக்குப் போவார், மனைவியைத் தனியாக எந்த வண்டியில் அனுப்புவார் என்று கேளுங்கள். “அய்யோ, எட்டு மணிக்கு மேல ஏடிஎம்முக்கா?” என்று அவரே ஆரம்பிப்பார்.